ஃபிங்கர் என்ற ஒரு சொல்லோடு பட்ட பாடு

விரல் எதனால் விரல்? ஐந்தில் ஒன்றாக இருப்பதாலா, பிடிப்பதாலா?

இந்தக் கேள்வியை இரண்டு வருஷம் டைப் அடித்தேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. திருத்தம் வந்தால் மறுபடியும் மூன்று பிரதி. இருந்தும் எனக்கு இன்னும் பதில் தெரியாது. டைப்பிங் கற்றுக்கொண்டு வேலைக்குப் போக நினைக்கும் சகோதரிகளுக்கு உபயோகமாக என் அனுபவத்தை எழுதும்படி இந்தப் பத்திரிகையில் கேட்டார்கள். உபயோகப்படுமா என்று எழுத உட்கார்ந்தபோதே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் விட எனக்கு வராது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

1. முதல் நாள்

திருப்பதியில் எங்கள் மிஷன் காம்பவுண்டில் வயதான ஜெர்மன் பாதிரியார் ஒருவர் இருந்தார். சபை வேலையை இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். உடம்பின் உறுப்புகளுக்கு ஜெர்மனும் அதன் உறவு பாஷைகளும் என்னென்ன பெயர் வைத்திருக்கின்றன, அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் புத்தகம். அதற்கு ஒரு டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. நான் மிஷன் பள்ளியில் படித்து, ஹையர் கிரேடு டீச்சர் டிரெயினிங் முடித்து, டைப்பிங்கும் தேறியவள். என் கணவர் அதே காம்பவுண்டுப் பள்ளியில் வாத்தியார். கைக்குழந்தையையும் கூட்டி வரலாம் என்று பாதிரியார் சொன்னதால் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் நாளே சோதனை. அவருடைய டைப்ரைட்டர் ஜெர்மன் மெஷின். நான் கற்றுக்கொண்ட மெஷினில் ஒய் இருக்கும் இடத்தில் அதில் இஸட் இருந்தது. இஸட் இருக்கும் இடத்தில் ஒய். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கப் பழகிய விரல்கள் ஒவ்வொரு வரியிலும் தப்பு செய்தன. நான் அழித்து அழித்து அடிப்பதைப் பாதிரியார் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். பேசினாலும் பிரசங்கம் போலவே இருக்கும்.

"அம்மா, கலங்க வேண்டாம். நாம் தலையிலிருந்து தொடங்கப் போவதில்லை. விரலிலிருந்து தொடங்குகிறோம். விரல் மிகவும் எளிய சொல். ஒரு வாரத்தில் முடித்துத் தோளுக்குச் சென்றுவிடலாம்."

தோளுக்கு நாங்கள் போகவே இல்லை.

என் மகளை வராந்தாவில் தூளி கட்டிப் போட்டிருந்தேன். திருப்பதி வெயிலில் மற்ற குழந்தைகள் அரைஞாண் கயிற்றோடு இருக்கும்போது, இவளுக்கு மட்டும் விரல் நுனி வரை மூடும் முழுக்கைச் சட்டை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மேலே எழுதப்போவது எதுவும் புரியாது. என் மகளுக்கு இடது கையில் ஆறு விரல். சுண்டு விரலுக்குப் பக்கத்தில், வேர்க்கடலைப் பருப்பு அளவில், நகத்தோடு ஒன்று.

அவள் பிறந்தது சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில். அங்கே இருந்த லேடி டாக்டர் அமெரிக்காக்காரர். தமிழை ஆஸ்பத்திரி ஆயாக்களிடமே கற்றவர். அன்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி தொங்கிப் போச்சு? இது ஒரு விரலா? காம்பு மாதிரி கீது. பாப்பா கொஞ்சம் பெருசாவட்டும், இட்டுக்கினு வா, எடுத்துடலாம்."

எடுத்துவிடலாமா, விட்டுவிடலாமா? அன்று பிடித்தது இந்தக் கவலை. அதற்குப் பிறகு நான் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை. எங்களோடு இருக்கும் நாத்தனார், நாங்கள் குழந்தையோடு வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: "ஆறு விரலு அதிர்ஷ்டம்டீ கிருபா. கைக்கு வந்ததை எவளாச்சும் வெட்டுவாளா?" சொல்லிவிட்டு, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதிர்ஷ்டம்னு சொல்லக்கூடாது இல்ல? ஆசீர்வாதம்னு வெச்சுக்கோ." கோயிலில் பின் வரிசையில் உட்காரும் ஒரு அம்மாள், "வேதத்துலகூட ஆறு விரல்காரன் ஒருத்தன் வரான். ராட்சசன். அவனைக் குத்திப் போட்டாங்க" என்றார். இதை எதற்காக ஒரு தாயிடம் சொல்லவேண்டும்? என் கணவரைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார்.

2. இரண்டு கட்சி

பாதிரியார் சொன்ன விஷயம் என்னவோ சுவாரசியமானதுதான். தமிழில் விரல் என்பதையும் தெலுங்கில் வேலு என்பதையும் கேட்டால் அக்கா தங்கை என்று நமக்கே தெரிகிறதல்லவா? அதுபோல அவர்கள் பக்கத்து பாஷைகளும் உறவு. ஆங்கிலத்தில் ஃபிங்கர், ஜெர்மன், டேனிஷ், ஸ்வீடிஷ் மூன்றிலும் எழுத்துக்கூட அதேதான். டச்சில் மட்டும் முதல் எழுத்து வி. ஐஸ்லாந்தில் ஃபிங்குர். எல்லாவற்றிலும் பழையது கோத்திக் என்ற ஒரு பாஷை. அதில் ஃபிக்ர்ஸ் என்று எழுதிவிட்டு ஃபிங்ர்ஸ் என்று படிக்கவேண்டுமாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தத் தாய் எந்த ஊர்க்காரி என்பதில்தான் சண்டை.

பாதிரியார் ஐந்து கட்சி. ஜெர்மனில் ஐந்துக்கு ஃபுன்ஃப், ஆங்கிலத்தில் ஃபைவ், கோத்திக்கில் ஃபிம்ஃப். ஐந்து பேரில் ஒருவன், அதனால் ஃபிங்கர் என்பார். அதை ஒரு பக்கம் அடித்து, புரூஃப் பார்க்கச் சித்தூருக்கு அனுப்பினோம். மிஷன் புத்தகம் எதுவானாலும் இன்னொரு மிஷனரி படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். அது எங்கள் பக்கத்து வழக்கம். இந்தப் புத்தகத்துக்கு அப்படி நியமிக்கப்பட்டவர் யார் என்றால், அதே லேடி டாக்டர்.

டாக்டரின் முன்னோர் டச்சுக்காரர்கள். அவர் பிடி கட்சி. டச்சில் பிடிப்பதற்கு வாங்ஙன், ஜெர்மனில் ஃபாங்ஙன். பிடிப்பது எதுவோ அதுவே ஃபிங்கர். மார்ஜினில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "ஆங்கிலம் பேசும் நாங்கள் கட்டை விரலை ஃபிங்கர் என்று எண்ணுவது இல்லை. மீதி நான்கு. உங்கள் ஐந்து எங்கே?"

பாதிரியார் அதைப் படித்ததும் காது வரை சிவந்துவிட்டார். "எழுதுங்கள் அம்மா. கட்டை விரலுக்குத் தனிப் பெயர் உண்டு. தடித்தது என்பதால் வந்த பெயர். தனிப் பெயர் இருந்தால் குடும்பத்தில் இல்லை என்று ஆகுமா? உமக்கும் கிருபா என்று தனிப் பெயர் உண்டு. நீர் உம்முடைய குடும்பத்தில் இல்லையா?"

அடித்தேன். அதில் என் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே சித்தூருக்குப் போனது. அப்படியே திரும்பி வந்தது, இன்னும் அதிகச் சிவப்போடு.

3. கால் விரல்

டாக்டரின் அடுத்த குறிப்பு இது: "காலிலும் ஐந்துதான் இருக்கிறது. அதை எங்கள் பாஷைகள் எதுவும் ஃபிங்கர் என்று சொல்வதில்லை. அதற்கு வேறே பெயர். ஏன்? கால் பிடிக்காது. ஆகையால் பிடிப்பதே காரணம்."

பாதிரியார் பல நாள் அறைக்குள்ளேயே நடந்தார். நான் அடித்து முடித்த பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து அடிக்கச் சொல்லப்போகிறாரா என்று அவர் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் குழந்தையைத் தூளியிலிருந்து தூக்கித் தோளில் போட்டபோது அவள் துணி கீழே விழுந்தது. குழந்தை தோளில் இருந்ததால் குனியாமல், கால் விரலால் கவ்வி எடுத்துக் கைக்குக் கொண்டுவந்தேன். எல்லாத் தாய்மாரும் செய்கிறதுதான்.

பாதிரியார் நின்றுவிட்டார்.

"அம்மா! இப்பொழுது என்ன செய்தீர்?"

"ஒன்றும் செய்யலையே ஐயா."

"மீண்டும் செய்யும்!"

மீண்டும் செய்தேன். அவர் கை தட்டினார். "கால் பிடிக்கிறது! டாக்டர் அம்மாளின் வாதம் விழுந்தது. எழுதுங்கள்."

அந்தப் பக்கம் சித்தூர் போய்த் திரும்பி வந்தபோது மார்ஜினில் ஒரே வரி: "கிருபாவின் காலை வைத்து ஜெர்மன் பாஷையை நிரூபிக்க வேண்டாம்." அந்த ஒரு வரிக்காக அந்த அத்தியாயம் முழுவதையும் திரும்ப அடித்தேன்.

இதெல்லாம் இப்படி நடந்துகொண்டிருக்க, குழந்தை தவழ்ந்தாள், நின்றாள், நடந்தாள். அவளுக்கு ஒரு வயது நிறைந்தபோதே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஒரு தடவை அவளுக்குச் சளி. அடுத்த தடவை பாக்கலா வரை போன பிறகு, ரயில் மாற வேண்டிய இடத்தில் எனக்கே பயம் வந்து, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். நாத்தனார், "பாத்தியா, தேவனே தடுக்கறாரு" என்றார். தேவன் தடுத்தாரா, நான் தடுத்தேனா என்று நான் வேறு உட்கார்ந்து யோசித்தேன்.

4. அச்சகத்தில்

சித்தூர் அச்சகத்து ஃபோர்மேன் தெலுங்குக்காரர். தமிழும் நன்றாகப் பேசுவார். கோத்திக்கிலும் ஐஸ்லாந்திலும் வருகிற சில எழுத்துக்கு அவரிடம் ஈய எழுத்தே கிடையாது. பி எழுத்தின் தலையை அரத்தால் ராவி ஒன்றைத் தயார் செய்திருந்தார். பக்கம் பிரிக்காமல் நீளத் தாளில் எடுக்கும் கேலி புரூஃபை நேரில் கொண்டுபோன அன்று என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"ஏமம்மா, மறுபடியும் அதே விரலா? ஒரு விரலைக் கம்போஸ் பண்ணிப் பண்ணி என் பத்து விரலும் தேஞ்சு போச்சு. பாதிரியார் தலைக்கு வர்றதுக்குள்ள எனக்குத் தலையே இருக்காது."

"நான் என்ன செய்வேன் அண்ணா? அவங்க எழுதறாங்க, நான் அடிக்கிறேன்."

"ரெண்டு பேரையும் ஒரு ரூமில போட்டுப் பூட்டும்மா. யாரு ஜெயிச்சு வெளிய வராங்களோ அவங்க விரலை அச்சுப் போட்டுடறேன்."

சிரித்தேன். வெளியே வந்து ரயிலுக்குக் காத்திருக்கும்போது அழுகையாக வந்தது. அந்த அச்சகத்தில்தான் கேள்விப்பட்டேன்: லேடி டாக்டர் வேலையை விட்டு நிரந்தரமாக ஊருக்குப் போகிறார், கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இனி நாளைத் தள்ள முடியாது.

5. சட்டைக் கை

வீட்டுக்கு வந்ததும் டாக்டருக்கு எழுதினேன். ஒரு வியாழக்கிழமையைக் குறித்துப் பதில் வந்தது. அதற்கு முந்திய வாரம்தான் பாதிரியாருக்கு விஷயம் தெரிந்தது.

வெயில் தாங்காமல் குழந்தை தானே சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவர் மேஜையருகே போய்ப் பென்சிலை எடுத்துக்கொண்டாள். பென்சிலைத் திரும்ப வாங்க அவள் கையைப் பிடித்தவர், கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"ஐந்து அல்லவே."

நான் எழுந்து ஓடினேன். அதற்குள் அவர் பென்சிலை அவள் கையில் திரும்ப வைத்து, ஆறாவது விரல் மடங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடங்கியது. சுண்டு விரலோடு சேர்ந்து அதுவும் பென்சிலை அணைத்துக்கொண்டது. பாதிரியார் புத்தகத்துக்குக் குறிப்பெழுதும் ஸ்லிப் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "ஐயா, அது என் பிள்ளையின் கை. உங்கள் புத்தகத்துக்கு ஸ்லிப் இல்லை" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே கிடையாது.

அவர் எழுதியதைக் கிழித்துப் போட்டார். "என்னை மன்னியும் அம்மா" என்றார். இவ்வளவு நாள் வெயிலில் அந்தக் குழந்தைக்கு ஏன் அந்தச் சட்டை என்று தாம் ஒரு நாளும் கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டார். அவர் அப்படிச் சொன்னதும் என் கோபம் இறங்கிவிட்டது. வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்களே சொல்லுங்கள் ஐயா. எடுத்துவிடட்டுமா?"

ஐந்து கட்சிக்காரர் ஆயிற்றே, ஆறாவதாக இருப்பது விரலே அல்ல என்று சட்டென்று சொல்லிவிடுவார், நானும் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் கிழித்த ஸ்லிப் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்.

"அதை நான் எவ்விதம் சொல்வேன்? தாய் நீர் அல்லவோ?"

பாதிரியார் டாக்டருக்குக் கடிதத்தில் என்ன எழுதினாரோ, அவரிடமிருந்து வந்த அடுத்த புரூஃபில் ஒரு வரி இருந்தது: "பென்சிலைப் பிடித்ததாமே? அப்படியானால் என் கட்சி ஜெயித்தது." அதைப் படித்துவிட்டு மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிடிப்பதுதான் விரல் என்பவர் டாக்டர். அது பிடிக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை எடுக்கப்போகிறவரும் அவர்தான்.

6. சந்தையில்

நாங்கள் சித்தூர் போகிறோம் என்று தெரிந்ததும் பாதிரியார் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரல் பிடித்தால் அத்தனை எண்ணிக்கை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. எண்ணுவதும் பிடிப்பதும் ஒரே செய்கையில் வருகிறதே, அதை அவர்கள் வாயால் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால் நல்லது என்றார். வெள்ளைக்காரர் போய் நின்றால் தரகர்கள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொள்கிறார்களாம்.

பிள்ளைக்கு ஆபரேஷன் என்று போகிற வழியில் மாட்டுச் சந்தையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சரி என்றும் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை சித்தூரில் சந்தை. புழுதியும் சாணி வாசமுமாக இருந்த கூட்டத்தில், முறுக்கு மீசை வைத்த ஒரு தரகரிடம் என் கணவர் போய் விஷயத்தைச் சொன்னார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றேன்.

"வா வாத்தியாரே. மாடு வாங்க வந்தியா, மாட்டுக்குப் பாடம் சொல்ல வந்தியா?"

"கத்துக்க வந்தேன்."

"அப்படிச் சொல்லு. பள்ளிக்கூடத்துல சொல்லித் தராத பாடம் இது. கைய நீட்டு."

துண்டை இரண்டு கைகளின் மேலும் போட்டார். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் கணவர் முகம்தான் தெரிந்தது. முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு. ரெண்டு. மூணு" என்று ஒப்பித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

தரகர் துண்டை எடுத்தார். அவருடைய வலது கையில் ஆறு விரல் இருந்தது.

"பயந்துக்கினியா? அது கணக்குல இல்ல வாத்தியாரே. சும்மா கூட வந்தது."

நான் கிட்டே போனேன். எதற்கு என்று யோசிக்கவே இல்லை. குழந்தையின் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினேன். தரகர் வெற்றிலையை ஒரு பக்கமாகத் துப்பிவிட்டு, அவள் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எடதா. எனக்கு சோத்தாங்கை. இன்னா செய்யப் போறே?"

"நாளைக்கு எடுக்கறதா இருக்கு. வேண்டாமா?"

"கேட்டுக்கோ தாயி. ஒரு தபா ஒருத்தன் ஒரு ஜோடி வித்தான். வித்துட்டு, நான் ஆறு புடிச்சேன், இவன் அஞ்சுன்னு சாதிக்கறான்னு ஊரக் கூட்டிட்டான். காணிப்பாக்கம் புள்ளையார் கோயில் கொளத்துல முங்கி எழுந்து சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு. அதுலேந்து துண்டுக்குள்ள கை வுட்றதுக்கு முன்னால இதுக்கு ஒரு நூலு சுத்திக்குவேன். இன்னிக்குப் பாடம்தானேன்னு சுத்தல. எங்கம்மா இத வெட்டாம வுட்டாளேன்னு அவள நான் திட்டாத நாளு கெடையாது."

"அப்போ எடுத்துடறது நல்லதுன்னு சொல்றீங்களா?"

"யாரு சொன்னா? இன்னிக்கு எவனாச்சும் இத வெட்டறேன்னு கத்தி எடுத்துக்கினு வந்தா, அவன் கைய முறிச்சிக் குடுத்துருவேன்."

"நீங்க ரெண்டையும் சொல்றீங்களே!"

"ரெண்டும் நெசந்தானே?"

"பொண்ணாச்சேன்னு யோசிக்கிறேன்."

"பொண்ணு விசயம் எனக்கு இன்னா தெரியும்? நான் பல்லப் பாத்து மாட்டுக்கு வயசு சொல்றவன். இத நீதான் தாயி சொல்லணும்." குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, "மாடு வாங்கலயா, வழிய வுடு" என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

தங்கும் இடத்துக்கு ஜட்கா வண்டியில் போனோம். வழியில் என் கணவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நான் இதுவரைக்கும் பாப்பாவோட அந்த விரலைத் தொட்டதே இல்லை, கிருபா" என்றார். எனக்குத் தெரியும். சொல்லிக்காட்டவில்லை.

"கணக்குல இல்லன்னு அவர் சொன்னார். ஆனா உள்ளே அதுவும் என் கையைப் பிடிச்சுது. மத்த விரல் மாதிரியே சூடா இருந்துது."

அவர் குழந்தையின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இப்போதாவது மனம் திறக்கிறாரே என்று அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "அப்போ நாளைக்கு என்ன செய்யலாம்?" என்றேன்.

"உன் இஷ்டம்" என்றார்.

ஜட்காவிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது.

7. வியாழக்கிழமை

டாக்டர் அறையில் பாதிச் சாமான் பெட்டிகளில் ஏறிவிட்டிருந்தது. குழந்தையை மேஜை மேல் உட்காரவைத்து, தன் விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அந்த ஆறாவது விரலை அடியிலிருந்து நுனிவரை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிற்று.

"பொறந்தன்னிக்கு அவசரத்துல பாத்துட்டேன் கிருபா. காம்புன்னு நெனச்சேன். உள்ள எலும்பு கீது. மூட்டுகூட கீது."

"எடுக்க முடியாதா?"

"முடியும். காம்புன்னா ஒரு நிமிஷ வேல. இது கொஞ்சம் பெரிய வேல. ஆனா ஆபத்து இல்ல."

"எடுக்காம விட்டா?"

"அதுலயும் ஆபத்து இல்ல."

"அப்போ நான் என்ன செய்யணும்?"

"நீதானேம்மா அவளுக்குத் தாயி."

எனக்குப் பொறுமை அற்றுப்போய்விட்டது. "ரெண்டு வருஷமா ஒரே ஒரு சொல்லுக்காக நீங்களும் பாதிரியார் ஐயாவும் மார்ஜின் முழுக்க எழுதினீங்க. நான் அத்தனையும் அடிச்சேன். எது விரல், எது விரல் இல்லைன்னு ரெண்டு பேருக்கும் அவ்வளவு நிச்சயமா தெரிஞ்சுதே! என் பிள்ளை கையில இருக்கறதைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லமாட்டேங்கறீங்களே?" என்றேன். வராந்தாவில் இருந்த ஆயா எட்டிப் பார்த்தாள்.

டாக்டர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டுவிட்டார்.

"அது சொல்லும்மா. தப்பாப் போனா நீ அழிச்சிட்டு வேற அடிக்கலாம். அதான் அவ்ளோ தைரியம் எங்களுக்கு. இத அழிச்சிட்டு எப்படி அடிப்பே?"

குழந்தை அவருடைய ஸ்டெதாஸ்கோப்பை ஆறு விரலாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். டாக்டர் அதை மெதுவாகப் பிரித்து எடுத்தார். இன்றைக்கே அவசரம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் முடிவு செய்தால் போதும். வேலூர் ஆஸ்பத்திரியில் நல்ல கைகள் இருக்கின்றன, சீட்டு எழுதித் தருகிறேன் என்றார். எழுதியும் கொடுத்தார். அடுத்த வாரம் கப்பலேறிவிட்டார்.

8. என்ன அச்சாயிற்று

டாக்டர் புறப்படுவதற்கு முன் கடைசி புரூஃபில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். மார்ஜினில் சிவப்பே இல்லை. பாதிரியார் அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். எதிர்த்துப் பேச ஆள் இல்லாதது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். பிறகு என்னைக் கூப்பிட்டு அத்தியாயத்தின் முடிவை மாற்றச் சொன்னார். ஐந்து கட்சியின் வாதம் ஒரு பத்தி, பிடி கட்சியின் வாதம் ஒரு பத்தி. அதற்குக் கீழே ஒரு வரி: "இவ்விரண்டில் எது என்று அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை."

ஃபோர்மேன் அதைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "தேவுடா! இதை முதல் நாளே சொல்லியிருந்தா, ரெண்டு வருஷத்துல நான் மொத்த உடம்பையும் அச்சுப் போட்டிருப்பேனே!"

வேலைக்குப் போகப்போகிற சகோதரிகளுக்கு நான் கற்ற பாடத்தைச் சொல்கிறேன். கடைசிக் கையெழுத்து யாருடையது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் என்றால், இரண்டு பேரும் ஒத்துப்போகும் வரை சுத்தப் பிரதி அடிக்காதீர்கள். பழைய கார்பன் பிரதிகளை எறிந்துவிடாதீர்கள்; நாலாவது தடவை கேட்பது பெரும்பாலும் முதல் தடவை அடித்ததுதான். படித்த பெரியவர்கள் நிச்சயமாகப் பேசினால் அடித்துக்கொண்டே இருங்கள். ஆனால் உங்கள் வீட்டு விஷயத்துக்கும் அவர்களிடம் அதே நிச்சயம் கிடைக்கும் என்று நம்பி, நான் செய்ததுபோல ரயிலேறாதீர்கள்.

இப்போது என் மகளுக்குச் சட்டைக் கையை வெட்டித் தைத்துவிட்டேன். அது மட்டும்தான் இதுவரை நான் எடுத்த முடிவு. தெருவில் பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள். அவளுக்கு எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள் வரும். சிலேட்டைப் பிடித்ததும் பக்கத்துப் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள். அதற்குள் நான் வேலூருக்குப் போகவேண்டும், அல்லது போவதில்லை என்று தீர்மானிக்கவேண்டும்.

ஆகையால் இதைப் படிப்பவர்களிடம் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது பிறக்கும்போது ஆறு விரல் இருந்து, சிறு வயதில் எடுத்திருந்தால், அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது, அதை நினைத்துக்கொள்கிறீர்களா என்று எழுதுங்கள். எடுக்காமல் வளர்ந்தவர்கள், அதிலும் பெண்கள், பள்ளிக்கூடத்திலும் கல்யாணப் பேச்சிலும் என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். உங்கள் தாயாரிடம் உங்களுக்கு மனவருத்தம் உண்டா என்றும் எழுதுங்கள். பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பினால் எனக்குச் சேர்த்துவிடுவார்கள்.

"தாய் நீ, நீயே முடிவு செய்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.